பென்சில்வேனியாவின் பொது நிலங்களில் முயல் வேட்டை: விசாவில் இருப்பவர் போகலாமா, போனால் எங்கே தேடுவது?

பிட்ஸ்பர்க் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கே முயல் வேட்டை சட்டப்படியே நடக்கிறது என்கிறார்கள். எனக்குச் சொந்த நிலம் கிடையாது, தெரிந்த பண்ணைக்காரரும் கிடையாது. பொது நிலத்தில் என்னைப் போன்றவர்கள் போகலாமா? போனால் முயல் கண்ணில் படுமா?”

போகலாம். படவும் செய்யும். ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் விசா விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். கடையில் விலைகொடுத்து வாங்குவது மட்டும் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். நண்பருடைய துப்பாக்கியை இரவல் வாங்கிக் கையில் பிடிப்பதும், அலமாரியில் ஒரு பெட்டி தோட்டா வைத்திருப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்கு உதவக்கூடியது, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்டு நடப்பில் இருக்கும் வேட்டை லைசென்ஸ். அது இருந்தால் அந்தத் தடை விலகுகிறது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு, அடுத்து லைசென்ஸ், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. “சும்மா ரேஞ்சுக்கு வா, ரெண்டு குண்டு சுட்டுப் பார்” என்று அலுவலக நண்பர் கூப்பிட்டாலும் லைசென்ஸ் கைக்கு வரும்வரை போக வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிந்துவிடும். முயல் சீசன் பிப்ரவரியோடு போய்விடுவதால் புதுப்பிக்கும் நினைப்பே பலருக்கு வராது. ஆனால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். ஜூலை 1 காலையில் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் விசாக்காரர் ஆகிவிடுவீர்கள். துப்பாக்கிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவே குடியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம். லைசென்ஸைத் தவறாமல் புதுப்பியுங்கள், வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்குள்ள சட்டத்தைத் தனியாகப் பாருங்கள், சிறு சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வாங்கிவிட்டவர்களுக்கு இந்த விசாத் தடை கிடையாது. துப்பாக்கியே வேண்டாம் என்றால் வில் இருக்கிறது, ஏர் கன் இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் அவற்றைத் துப்பாக்கியாகக் கணக்கிடுவதில்லை, பென்சில்வேனியாவும் சிறு விலங்கு வேட்டைக்கு இரண்டையும் அனுமதிக்கிறது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

இந்த மாநிலத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1909-இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் எவரும் காட்டுப் பறவையையோ விலங்கையோ கொல்லக் கூடாது, அதற்காக ஷாட்கன்னோ ரைஃபிளோ வைத்திருக்கவும் கூடாது. அப்போது குறி வைக்கப்பட்டவர்கள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைக்க வந்த இத்தாலியர்கள் போன்றவர்கள். பாட்ஸோன் என்ற இத்தாலியர் மீது வழக்குப் பாய்ந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1914-இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு அந்தச் சட்டம் செல்லும் என்றது. வெளிநாட்டவன் என்பதற்காகவே ஒருவன் முயல் பிடிக்கக் கூடாது என்றிருந்த அதே மாநிலத்தில் இன்று கவுண்டரில் பணம் கட்டி நீங்கள் லைசென்ஸ் வாங்கலாம். அந்த லைசென்ஸே உங்களுக்குப் பாதுகாப்பாகவும் நிற்கிறது. பொது நிலத்தில் நமக்கும் இடம் உண்டா என்று தயங்குகிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

செலவு அதிகமில்லை. இம்மாநிலத்தில் வசிக்கும் பெரியவர்களுக்கு லைசென்ஸ் 20.97 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 101.97 டாலர். இங்கே கணக்கு நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது. குடியுரிமையைப் பற்றியது இல்லை. விசாவில் இருக்கும் உங்களை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று, மாநிலத்தின் வேட்டை விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பான கேம் கமிஷனிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் முயல் எங்கே இருக்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும். பென்சில்வேனியா கேம் கமிஷன் 1895-இல் தொடங்கியது. காடுகளெல்லாம் மரத்துக்காக மொட்டையடிக்கப்பட்டு, மான் கூட அரிதாகிவிட்ட காலம் அது. 1913-இல் உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு லைசென்ஸ் வந்தது, கட்டணம் ஒரு டாலர். அந்தப் பணத்தில் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். முதல் நிலம் 1920-இல் எல்க் கவுண்டியில் வாங்கப்பட்டது. இன்று ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் என்ற பெயரில் 300-க்கும் மேற்பட்ட நிலங்கள், ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர் இருக்கின்றன. மாநிலத்தின் பொது வரிப் பணத்திலிருந்து கமிஷனுக்கு ஒதுக்கீடு கிடையாது. லைசென்ஸ் கட்டணம், மர விற்பனை, எண்ணெய் எரிவாயு வருமானம், இவற்றோடு 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின் பங்கு. நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தயாரிப்பாளர் கட்டும் 11 விழுக்காடு வரியை அந்தச் சட்டம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பாதி நிலப்பரப்பை வைத்து, பாதி லைசென்ஸ் எண்ணிக்கையை வைத்து. நீங்கள் ஒரு லைசென்ஸ் வாங்கினால் அந்தக் கணக்கில் நீங்களும் ஒருவர்.

கேம் லேண்ட்ஸ் தவிர, மாநிலக் காடுகள் சுமார் 22 லட்சம் ஏக்கர், வடமேற்கில் அலெகேனி தேசியக் காடு 5 லட்சம் ஏக்கருக்கு மேல். இரண்டிலும் வேட்டைக்குத் தனி நுழைவுக் கட்டணம் கிடையாது. மாநிலப் பூங்காக்களில் சில பகுதிகள் மட்டும் திறந்திருக்கும், பலகையைப் பார்த்துப் போங்கள். கெட்டிஸ்பர்க், வேலி ஃபோர்ஜ் போன்ற தேசிய வரலாற்றுப் பூங்காக்கள் பக்கம் இந்த எண்ணத்தோடு போகவே கூடாது.

இவ்வளவு நிலம் இருந்தும் “பொது நிலத்தில் முயலே இல்லை” என்று திரும்புகிறவர்கள் ஏராளம். காரணம் எளிது. அவர்கள் அழகான காட்டுக்குள் போகிறார்கள். உயரமான ஓக் மரங்கள், கீழே சுத்தமான சருகுத் தரை, நடக்கச் சுகம். அங்கே முயல் இருக்காது, இருக்கவும் முடியாது. ஈஸ்டர்ன் காட்டன்டெய்ல் என்ற இந்த முயலுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான் எடை, அதைத் தின்ன ஆசைப்படாத பிராணி கிடையாது. பருந்து, ஆந்தை, நரி, காட்டுப்பூனை, கொயோட்டி எல்லாம் துரத்துகின்றன. பத்து முயல் இருந்தால் அடுத்த ஆண்டுவரை இரண்டுதான் மிஞ்சும், நாம் வேட்டையாடினாலும் ஆடாவிட்டாலும். அதற்கு ஈடாகத்தான் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை 28 நாள் கர்ப்பத்தில் நான்கைந்து குட்டிகளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எத்தனை மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது மறைவு. முள்ளும் புதரும் கொடியும் பின்னிக் கிடக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவு முயல்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இந்த மாநிலமெங்கும் சிறு பண்ணைகள், நடுவே வேலிப் புதர்கள், கைவிட்ட வயல்கள். அப்போது முயலுக்குக் குறைவில்லை. பிறகு பண்ணைகள் பெரிதாகி வேலிப் புதர்கள் போயின, கைவிட்ட வயல்கள் வளர்ந்து காடாகிவிட்டன. ஆகவே இன்று பொது நிலத்தில் நீங்கள் தேட வேண்டியது இளம் காட்டை. மரம் வெட்டி ஐந்திலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன இடங்களைப் பாருங்கள். வெளிச்சம் தரையில் விழுந்து பிளாக்பெர்ரி முள் இடுப்பளவு எழுந்திருக்கும், வெட்டிய கிளைகள் குவிந்து கிடக்கும். கேம் கமிஷன் வேண்டுமென்றே இப்படி வெட்டுகிறது. அந்தக் கிளைக் குவியல்களும் தற்செயலாகக் கிடப்பவை இல்லை, உங்கள் லைசென்ஸ் பணத்தில் உருவானவை. செயற்கைக்கோள் படத்தில் அடர்ந்த காட்டின் நடுவே நிறம் மாறி, சொரசொரப்பாகத் தெரியும் துண்டுகளைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

உங்கள் மேற்குப் பகுதிக்கே உரிய ஒரு வரப்பிரசாதம் பழைய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள். கரியை எடுத்துவிட்டு மண்ணை மூடிப் புல் விதைத்த நிலங்கள். மண் வளமற்றது என்பதால் மரம் சீக்கிரம் வளராது. புல்லும் ஆட்டம் ஆலிவ் என்ற புதரும் முள்ளும் கலந்து பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு அசிங்கமாகத் தெரியும் அந்த நிலம் முயலுக்கு மாளிகை.

மின் கம்பிப் பாதைகளையும் விடாதீர்கள். கோபுரங்களுக்குக் கீழே மரம் வளர விடமாட்டார்கள், புதர் மட்டும் நிற்கும். சென்டர் கவுண்டியில் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் 33-இல் இதைப் பற்றிய ஆராய்ச்சி 1953-இலிருந்து நடக்கிறது. கம்பிப் பாதையில் களைக்கொல்லி அடிப்பது வேட்டை விலங்குகளைப் பாதிக்குமோ என்று வேட்டைக்காரர்கள் எழுப்பிய குரல்தான் அதற்குத் தொடக்கம். உயரும் மரங்களை மட்டும் தேர்ந்து அகற்றிப் புதர்களை விட்டுவைக்கும் முறையை அங்கேதான் நீண்டகாலமாகச் சோதித்து வருகிறார்கள்.

அங்கே போனதும் கீழே பாருங்கள். பட்டாணி அளவு உருண்டைப் புழுக்கை. பென்சில் தடிமனுள்ள தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல், பிய்ந்து நார்நாராக இருந்தால் மான். பனி விழுந்த பின் சுமாக் மரத்தின் அடிப்பட்டை கடித்து உரிக்கப்பட்டிருக்கும். பனித்தடத்தில் பின்கால்களின் பெரிய தடம் முன்னால் விழுந்திருக்கும், சிறிய முன்கால் தடம் பின்னால். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று புதியவர்கள் தலைகீழாகப் படிப்பது இதனால்தான்.

காலம்: காட்டன்டெய்ல் சீசன் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை, நடுவில் இடைவெளிகளோடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 முயல். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், லைசென்ஸோடு தரும் கையேட்டைப் படியுங்கள். தொடக்க வாரங்களில் கமிஷன் வளர்த்துவிடும் ஃபெசன்ட் பறவைகளுக்காகக் கேம் லேண்ட்ஸ் முழுக்கக் கூட்டம். நவம்பர் கடைசியில் மான் சீசன் துப்பாக்கிகள் இறங்கும். என் கணிப்பில் முயலுக்கு ஏற்றவை ஜனவரியும் பிப்ரவரியும்தான். கூட்டம் போயிருக்கும், இலை உதிர்ந்து புதருக்குள் பார்வை போகும், உண்ணியும் அடங்கியிருக்கும். கடும் குளிர் இரவுக்குப் பிறகு வெயில் வரும் காலையில், காற்று படாத தெற்குச் சரிவுகளில் முயல் வெயில் காய உட்கார்ந்திருக்கும். வடக்கு மாவட்டங்களில் பனிக்காலத்தில் வெள்ளையாக மாறும் ஸ்னோஷூ முயலும் உண்டு. அதற்குச் சீசன் டிசம்பர் கடைசியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே, நாளுக்கு ஒன்று மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாய் இல்லாமல் எப்படிக் கிளப்புவது? மெதுவாக நடந்து. நாலைந்து அடி வையுங்கள், நில்லுங்கள். அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நடந்துகொண்டே இருந்தால் முயல் உங்களைக் கடந்துபோக விட்டுவிட்டுப் படுத்தே கிடக்கும். காலடிக்கு இரண்டு முழத்தில் கூடக் கிடக்கும். நின்றுவிட்டால் தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அதற்குப் பதற்றம். கிளம்புவது பெரும்பாலும் நீங்கள் நிற்கும்போதுதான். நேர்கோட்டில் போகாமல் புதருக்குப் புதர் வளைந்து போங்கள், ஒவ்வொரு கிளைக் குவியலையும் காலால் உதைத்துப் பாருங்கள். முள் கிழிக்காத கனத்த காற்சட்டை போடாமல் போனால் புதரைச் சுற்றிப் போகத் தோன்றும். சுற்றிப் போகிறவருக்கு முயல் கிடைக்காது.

நம் ஊர்க் காட்டு முயலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல். அது லீபஸ் இனம், வெட்டவெளியில் படுத்து, கிளம்பினால் காலை நம்பி நெடுந்தூரம் ஓடும். காட்டன்டெய்லுக்கு அந்தக் கால் கிடையாது. வேகமாகப் பாய்ந்து அடுத்த புதருக்குள் மறையும், அல்லது கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில் வகைப் பிராணி தோண்டிய பொந்துக்குள் போய்விடும். பொந்துக்குள் போகாவிட்டால் தனக்குப் பழக்கமான சில ஏக்கருக்குள்ளேயே வட்டமடிக்கும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி முயலை வேட்டையாடுவது குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே கற்ற கையை விடுமுறையில் ஊர்ப்பக்கம் காட்டிவிடாதீர்கள். அதேபோல ஊரில் இரவில் லைட் அடித்து முயல் பிடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பழக்கம் இங்கே செல்லாது, அது இங்கேயும் குற்றம்.

இந்த வட்டமடிக்கும் குணத்தை நம்பித்தான் பீகிள் என்ற மோப்ப நாயோடு போகும் வேட்டை இருக்கிறது, முயல் வேட்டையில் என் மனம் முழுக்க அதில்தான். பீகிள் முயலைப் பிடிக்க ஓடுவதில்லை. மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு குரைத்தபடி நிதானமாகப் பின்தொடரும். முயல் அதற்கு வெகு முன்னால், ஓடுவதும் நின்று கேட்பதுமாக, சுற்றி வந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பும். புதியவர்கள் நாயின் பின்னால் ஓடிவிடுகிறார்கள். வேண்டாம். முயல் எழுந்த இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் திறந்த பார்வை உள்ள இடமாகப் பார்த்து அசையாமல் நில்லுங்கள். குரைப்பு தேய்ந்து தொலைவில் போகும், திரும்பும், நெருங்கும். அப்போது நாயைப் பார்க்காதீர்கள். நாய்க்கு நூறடி, இருநூறடி முன்னால் பாருங்கள். மோப்பம் விட்டுப்போய் நாய்கள் திடீரென மௌனமாகி, ஒன்று மீண்டும் கண்டுபிடித்துக் குரல் கொடுக்க மற்றவை சேர்ந்துகொள்ளும் அந்த நொடிக்காகவே துப்பாக்கி இல்லாமலும் நான் போவதுண்டு. நாய் வாங்கும் முன் அருகிலுள்ள பீகிள் சங்கத்தாரோடு பழகுங்கள். மேற்குப் பென்சில்வேனியாவில் அவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆர்வத்தோடு வருகிற புதியவரைக் கூடவே அழைத்துப் போகிறவர்கள்.

கருவி விஷயத்தில் நீட்ட ஒன்றுமில்லை. 20 கேஜ் ஷாட்கன், குண்டுகளை அகலமாகப் பரவவிடும் திறந்த சோக் (குழாய் முனையின் குறுக்கம்), 6-ஆம் எண் சிறு குண்டு. போதும்.

பாதுகாப்பில்தான் நீட்ட வேண்டும். முயல் தரையோடு ஓடுகிறது, நாயும் தரையில், கூட வந்தவரின் கால்களும் தரையில். துப்பாக்கி தாழ்ந்து சுழல்வதால் நடக்கும் விபத்துகள்தான் இந்த வேட்டையின் பெரிய ஆபத்து. கூட வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாதபோது சுடவே கூடாது. நாய்க்கும் முயலுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். புதர் அசைந்தது என்று சுடுபவரோடு இரண்டாவது முறை போகாதீர்கள். தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாக 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் சட்டப்படி கட்டாயம், எந்தத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள் உரிமையாளர் அனுமதியின்றித் துப்பாக்கி வேட்டை கூடாது. கேம் லேண்ட்ஸ் எல்லையை ஒட்டி வீடுகள் இருப்பது சகஜம், ஆகவே வரைபடத்தை முந்தின இரவே பாருங்கள். காரில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கூடவே கூடாது.

ஒரே புதர்க்காட்டில் நாலு முயலையும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நான் எடுக்கமாட்டேன். ஒரு துண்டில் ஒன்றிரண்டு, பிறகு அடுத்த துண்டுக்கு நடை. பிப்ரவரியில் மிஞ்சியிருப்பவை குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்தவை, அடுத்த ஈற்றுக்கு உரியவை. எல்லாருக்குமான நிலத்தில் அடுத்த வாரம் ஒரு தகப்பனும் பிள்ளையும் அதே புதருக்கு வருவார்கள்.

கடைசியாகக் கறி. விற்கக் கூடாது, உண்ணலாம், பகிரலாம். சுட்ட முயலை உடனே வயிறு கீறிக் குடலெடுத்துக் குளிரவிடுங்கள். ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முயலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் டுலரீமியா என்ற நோய் உண்டு, கையிலுள்ள சிறு கீறல் வழியே கூட உள்ளே போகும். கல்லீரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது முயல் சுடுவதற்கு முன்பே சோம்பிக் கிடந்து ஓடத் தயங்கியிருந்தால், அதை உண்ண வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். சீசன் தொடக்கத்தில் தோலுக்கடியில் கொழுத்த புழு ஒன்று இருக்கலாம். அது ஈ வகையின் புழு, அருவருப்பே தவிர கறி கெடாது. 2020-இல் நியூ மெக்சிகோவின் காட்டு முயல்களில் தோன்றிப் பரவிய ரத்தக்கசிவு நோய் மனிதரைத் தொற்றாது, ஆனால் முயல் கூட்டத்தையே அழிக்கக்கூடியது. காரணமின்றிச் செத்துக் கிடக்கும் முயல்களைக் கண்டால் கேம் கமிஷனுக்குச் சொல்லுங்கள்.

கொழுப்பே இல்லாத கறி என்பதால் வறுவலுக்கு அவசரப்பட்டால் நாராகிவிடும். சதையில் தங்கிய குண்டுகளை விரலால் தடவி எடுத்துவிட்டு, உப்பு நீரில் ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் குக்கரில் நன்றாக வேகவிட்டு, பிறகு நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் நிறைய மிளகும் போட்டுச் சுருள வதக்குங்கள். உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெந்தால் டுலரீமியாக் கிருமி பிழைக்காது. இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் வேட்டைக்குப் போய்வந்த சில நாட்களில் திடீர்க் காய்ச்சல், கையில் ஆறாத புண், அக்குளில் நெறி கட்டினால் மருத்துவரிடம் போய் “காட்டு முயலை உரித்தேன்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பெயரைப் பார்த்தும் வேலையைக் கேட்டும் அவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும் நோய்தான் அது.